உமிழ்நீரின் காவல் புரதங்களைப் பேணும் முறை

நாளொன்றுக்கு 0.5 முதல் 1.5 லிட்டர் வரை சுரக்கும் உமிழ்நீரில் பெரும்பகுதி தண்ணீர்தான் என்றாலும், பாக்டீரியாவின் செல்சுவரைச் சிதைக்கும் லைசோசைம், கிருமிகளுக்கு வேண்டிய இரும்புச்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் லாக்டோஃபெரின், கேண்டிடா பூஞ்சையை ஒடுக்கும் ஹிஸ்டாட்டின், எனாமலுக்குத் தேவையான கால்சியத்தைக் கரைந்த நிலையிலேயே வைத்திருக்கும் ஸ்டாதெரின் போன்ற புரதங்கள் அதில் கலந்து வாயைக் காக்கின்றன. சுரப்பு குறைந்தால் இந்தக் காவலும் குறையும். ஆகவே சுரப்பைப் பேணுவதே முதல் வேலை.

உணவை அவசரமின்றி நன்றாக மென்று உண்ணுங்கள். மெல்லும் அசைவே உமிழ்நீரைப் பெருக்கும். அடிக்கடி தண்ணீர் பருகுங்கள். எலுமிச்சைச் சாறோ குளிர்பானமோ அருந்தியவுடன் பல் துலக்காமல், அமிலத்தைச் சமன்செய்ய உமிழ்நீருக்கு அரை மணி நேரமாவது கொடுங்கள்.

உறக்கத்தில் சுரப்பு மிகவும் குறைந்துவிடுவதால், படுக்கும் முன் ஃபுளோரைடு பற்பசையால் துலக்குவதை ஒருநாளும் தவிர்க்கலாகாது. காலைத் துலக்கலைவிட இதையே நான் முக்கியமாகக் கருதுகிறேன்.

ஒவ்வாமை, மனச்சோர்வு, இரத்த அழுத்தம் ஆகியவற்றுக்கான சில மருந்துகள் வாயை வறளச் செய்யும். உலர்ந்த பிஸ்கட்டைத் தண்ணீரின்றி விழுங்க இயலவில்லை என்றால், மருந்தை நீங்களாகவே நிறுத்திவிடாமல், உங்கள் மருந்துச் சீட்டுடன் பல் மருத்துவரைப் பாருங்கள்.