தாழிக்குள் இருப்பது வெறும் மண் இல்லை

தாமிரபரணிப் படுகையில் பழைய மேடுகளைத் தேடி அலையும் இளைஞர்கள் இப்போது அதிகம். ஆதிச்சநல்லூர், சிவகளை, கொற்கை என்று அகழாய்வுச் செய்தி வர வர ஆர்வமும் கூடுகிறது, மகிழ்ச்சிதான். ஆனால் எங்கள் தலைமுறை புதிதாகக் களத்தில் இறங்கியபோது செய்த அதே தவறுகளை இவர்களும் வரிசையாகச் செய்கிறார்கள். பானை ஓட்டில் பெயர் கிறுக்காதே, தாழி (அந்தக் காலத்தில் இறந்தவர்களைப் புதைத்த பெரிய பானை) மேல் ஏறி நிற்காதே என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

தாழி மண்ணைக் கொட்டுவது

இதைத்தான் என்னால் இன்றும் பொறுக்க முடியவில்லை. ஜேசிபி சரள் அள்ளும்போது ஒரு தாழியின் விளிம்பு வெளியே தெரியும். முதலில் ஓடிவருகிறவர் உள்ளே கைவிட்டு மண்ணை வாரி வெளியே போடுவார்.

ஒருமுறை வாய்க்கால் வெட்டிய இடத்துக்கு நான் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. தாழியைக் கழுவி நிறுத்தியிருந்தார்கள். உள்ளே இருந்த கருப்பு-சிவப்புக் கிண்ணங்கள் படம் எடுக்கத் தோதாக வரிசையில் இருந்தன. “ஒண்ணும் உடையல சார், உள்ள வெறும் மண்ணுதான் இருந்துச்சு” என்றார் ஒரு தம்பி. அந்த மண் வாய்க்கால் தண்ணீரில் கரைந்து போய்க்கொண்டிருந்தது.

அந்த மண்தான் காலத்தைச் சொல்லும். சிவகளையில் ஒரு தாழிக்குள் மண்ணோடு கிடந்த நெல் உமியை வைத்துத்தான் கி.மு. 1155 என்று கணித்தார்கள். உமி சட்டென்று கண்ணில் படாது. மண்ணைத் தண்ணீரில் கரைத்து, மிதந்து வருவதை மெல்லிய சல்லடையில் பிடித்து, நிழலில் உலர்த்திப் பிரிக்க வேண்டும். கரித்துண்டு, எலும்புத் துணுக்கு, பல் எல்லாம் அந்த மண்ணில்தான் கிடக்கும். பல்லிலிருந்து மரபணு எடுக்கலாம், ஆனால் வெறுங்கையால் தொட்டால் நம்முடையதும் அதில் ஏறிக்கொள்ளும். மண் கடைசியாக எப்போது வெயில் பார்த்தது என்று கணக்கிடும் முறையும் உண்டு. அதற்கு ஒளி புகாத குழாயை அடித்து இறக்கி மண் எடுப்பார்கள். வெயிலில் கொட்டிய மண் அதற்கு ஆகாது.

ஆதிச்சநல்லூரில் 1899 முதல் 1905 வரை தோண்டிய தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ, பானைகளில் நெல் உமியும் தினை உமியும் இருந்ததைக் குறித்து வைத்திருக்கிறார். உமி, கரி போன்றவற்றில் மிஞ்சியிருக்கும் கரிமத்தை அளந்து காலம் சொல்லும் கரிமக் காலக்கணிப்பு என்ற ஒன்றே அப்போது கிடையாது. அவருக்கு இருந்த அக்கறை, எல்லா வசதியும் வந்த பிறகு நமக்கு இல்லை என்றால் எப்படி?

சரி, தாழி தெரிந்தால் என்ன செய்வது? முதலில் வண்டியை நிறுத்தச் சொல்லுங்கள். அளவுகோல் வைத்துப் படம் எடுங்கள். சர்வே எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். தாழி மேல் சாக்கு விரித்து, தளர்வான மண்ணால் மூடுங்கள். அப்புறம் விஏஓவிடம் எழுத்தில் கொடுத்து, நகலை ஆட்சியருக்கும் தொல்லியல் துறைக்கும் அனுப்புங்கள். 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது. மண்ணில் மறைந்திருந்த பொருள் 10 ரூபாய்க்கு மேல் பெறுமானால், கண்டெடுத்தவர் ஆட்சியருக்குத் தெரிவித்தே ஆக வேண்டும்.

இடுகாட்டோடு நின்றுவிடுவது

புதைத்தவர்கள் எங்கேயோ குடியிருந்திருப்பார்கள் இல்லையா? தாழிக்காடு பெரும்பாலும் பயிர் விளையாத சரள் மேட்டில் இருக்கும். குடியிருப்பு தண்ணீருக்குப் பக்கத்தில், பல சமயம் இன்றைய ஊருக்கு அடியிலேயே இருக்கும். அதனால் ஊருக்குள் யாராவது அஸ்திவாரம் தோண்டினால், கிணறு வெட்டினால், அந்த மண் குவியலைப் போய்ப் பாருங்கள். ஓடும் சாம்பல் மண்ணும் சேர்ந்து வந்தால் எந்த ஆழத்தில் வந்தது என்று வேலை செய்கிறவரிடமே கேளுங்கள். சரியாகச் சொல்வார்.

ஆறும் கடலும் நகரவில்லை என்று நினைப்பது

கொற்கை துறைமுகமாக இருந்த ஊர். இன்று அங்கிருந்து கடல் சில கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அதனால் பழைய ஊரை இன்றைய கரையோரத்தில் மட்டும் தேடாதீர்கள்.

இடத்தை இணையத்தில் போடுவது

போடாதீர்கள். மண்வெட்டியோடு ஆள் வரும்.

சட்டம் தானாகக் காக்கும் என்று நம்புவது

100 மீட்டருக்குள் கட்டடம் கூடாது, அதற்கடுத்த 200 மீட்டரில் அனுமதி வேண்டும் என்று 2010-ல் திருத்திய மத்தியச் சட்டம் சொல்வது, பாதுகாக்கப்பட்டதாக அறிவித்த இடங்களுக்குத்தான். அறிவிக்காத மேட்டுக்கு இந்த எல்லை எதுவும் கிடையாது. அதில் சவுடு அள்ள அனுமதி கேட்டு யாராவது விண்ணப்பிக்கும் முன்பே உங்கள் மனு தொல்லியல் துறையிடம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். ‘ஊருக்கு மேற்கே உள்ள மேடு’ என்று எழுதினால் கோப்பு நகராது, சர்வே எண்ணையும் உட்பிரிவையும் எழுதுங்கள்.