சாட்பாட் உதவியோடு ஆர்டிஐ மனு எழுதுவது எப்படி?

போன வருடம் போட்ட சிமென்ட் சாலை இந்த மழைக்கே பெயர்ந்துவிட்டது. எவ்வளவு செலவு, யார் ஒப்பந்ததாரர் என்று ஒன்றிய அலுவலகத்தில் கேட்டால் "எழுதிக் கொடுங்க" என்பார்கள். அந்த எழுத்து வேலையில்தான் பலருக்குக் கை ஓடாது. இங்கே ஏஐ சாட்பாட் உண்மையிலேயே உதவும். சாட்ஜிபிடி, ஜெமினி, வாட்ஸ்அப்புக்குள் இருக்கும் மெட்டா ஏஐ என எதைத் திறந்தாலும், அலுவலகத் தமிழில் ஓர் ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமைச் சட்ட) மனுவைச் சில நொடிகளில் தந்துவிடும். ஆனால் அதில் வரும் பிரிவு எண், கட்டணம், முகவரி எல்லாம் சரியாக இருக்கும் என்று நம்பி அப்படியே தபாலில் போடாதீர்கள். நடையை அதனிடம் விடுங்கள்; விவரத்தை உங்கள் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே உள்ள படிகள் எல்லாம் இந்தப் பாகப்பிரிவினையை வைத்துத்தான்.

படி 1: போனை எடுக்கும் முன் தாளை எடுங்கள்

உங்களுக்கு என்ன ஆவணம் வேண்டும் என்று முதலில் கையால் எழுதுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005, அலுவலகத்தில் ஏற்கெனவே இருக்கும் பதிவுகளைத்தான் பெற்றுத் தரும். "சாலை ஏன் தரமாகப் போடப்படவில்லை?" என்று கேட்டால் "அப்படியொரு பதிவு இவ்வலுவலகத்தில் இல்லை" என்று ஒரு வரியில் முடித்துவிடலாம். சாட்பாட்டிடம் பொதுவாக "சாலை பற்றி ஆர்டிஐ எழுது" என்று சொன்னால், இந்த 'ஏன்' கேள்விகளைத்தான் வரிசையாக அடுக்கும்.

சாலை விஷயத்தில் கேட்க வேண்டியவை: எஸ்டிமேட், பணி ஆணை, எம்-புக் என்று சொல்லப்படும் அளவீட்டுப் புத்தகத்தின் பக்கங்கள், தரச் சோதனை அறிக்கை, பணம் வழங்கிய பில். இவற்றில் எம்-புக்தான் முக்கியம். எவ்வளவு நீளம், எவ்வளவு கனம் போட்டதாகக் கணக்கு எழுதினார்கள் என்பது அதில் இருக்கும். டேப்பை எடுத்துக்கொண்டு நீங்களே சாலையில் போய் அளந்து பார்க்கலாம். பிரிவு 2(ஜெ)-யில் பலர் கவனிக்காத இன்னொன்றும் உண்டு. பணியை நேரில் பார்வையிடவும், பொருளின் சான்றளிக்கப்பட்ட மாதிரியைக் கேட்டு வாங்கவும் உங்களுக்கு உரிமை இருக்கிறது. எஸ்டிமேட்டோடு ஒரு துண்டு சாலையையும் கேட்கலாம்!

படி 2: பெயர், ஆதார், போன் எண் எதையும் தட்டாதீர்கள்

அந்த இடங்களில் வெறும் கோடு போதும். பிறகு பேனாவால் நிரப்பிக்கொள்ளலாம். 2025-இல் பயனர்கள் பகிர்ந்த சாட்ஜிபிடி உரையாடல்கள் கூகுள் தேடலில் வந்து நின்றன. அதன் பிறகே சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐ, உரையாடலைத் தேடலில் வரவிடும் அந்த வசதியை நீக்கியது. ஆர்டிஐ மனுவுக்கு ஆதார் எண்ணே தேவையில்லை. காரணம் கூடச் சொல்ல வேண்டாம், உங்களைத் தொடர்புகொள்ள முகவரி இருந்தால் போதும் என்கிறது பிரிவு 6(2).

படி 3: இப்படிக் கேளுங்கள்

கீழே உள்ளதை அப்படியே நகலெடுத்து, உங்கள் தேவைக்கு மாற்றிக்கொள்ளலாம்:

"தமிழ்நாட்டில் ஊராட்சி ஒன்றிய அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு, தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005, பிரிவு 6(1)-இன் கீழ் ஒரு மனு எழுது. கேட்கும் ஆவணங்கள்: எஸ்டிமேட், பணி ஆணை, அளவீட்டுப் புத்தகப் பக்கங்கள், தரச் சோதனை அறிக்கை, பில் ஆகியவற்றின் நகல்கள். ஒவ்வொன்றுக்கும் தனி எண் கொடு. காரணம், குற்றச்சாட்டு, கருத்து எதுவும் வேண்டாம். பெயர், முகவரி, சாலையின் பெயர் வரும் இடங்களில் கோடு போடு. நான் சொல்லாத பிரிவு எண், முகவரி எதையும் சேர்க்காதே. ஒரு பக்கத்துக்குள் முடி."

கடைசி இரண்டு வாக்கியங்களை மட்டும் விட்டுவிடாதீர்கள். இல்லாவிட்டால் மூன்று பக்கத்துக்கு இழுத்து, நடுவில் எங்கிருந்தோ ஓர் அலுவலக முகவரியையும் செருகிவைக்கும்.

படி 4: வந்ததைச் சுருக்குங்கள்

"பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்" ஒரு தடவை போதும். அனுப்புநர், பெறுநர், பொருள், எண்ணிட்ட பட்டியல், இடம், தேதி, கையொப்பம் தவிர மற்றதை அடித்துவிடுங்கள்.

படி 5: விவரங்களைச் சரிபாருங்கள்

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். சாட்பாட் பொதுவாகச் சட்டப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துப் பதில் சொல்வதில்லை. படித்த ஏராளமான எழுத்திலிருந்து, அடுத்து எந்தச் சொல் வந்தால் பொருந்தும் என்று கணித்துக் கணித்து எழுதுகிறது. அதனால் சரியான பிரிவு எண்ணையும் தவறான எண்ணையும் ஒரே தைரியத்தோடு சொல்லும். குரலை வைத்து நீங்கள் கண்டுபிடிக்க முடியாது.

2023-இல் நியூயார்க்கில் ஒரு விமான நிறுவனத்துக்கு எதிரான வழக்கில், வழக்கறிஞர்கள் சாட்ஜிபிடி தந்த தீர்ப்புகளை மேற்கோள் காட்டினார்கள். அப்படிப்பட்ட தீர்ப்புகளே இல்லை. நீதிபதி 5,000 டாலர் அபராதம் விதித்தார். இதில் நமக்கான பாடம் ஒன்று உண்டு: அந்த வழக்கறிஞர் "இது உண்மையான வழக்கா?" என்று சாட்ஜிபிடியிடமே கேட்டிருந்தார். "ஆம்" என்றது அது. அதே நியூயார்க் மாநகராட்சி வணிகர்களுக்காக நடத்திய சாட்பாட்டோ, ஊழியர்களுக்கு வரும் டிப்ஸில் முதலாளி பங்கு எடுத்துக்கொள்ளலாம் என்று சட்டத்துக்கு நேர்மாறாகச் சொன்னது 2024-இல் செய்தியானது. அரசு முத்திரை இருப்பதாலேயே ஒரு சாட்பாட்டை நம்பிவிட முடியாது.

ஆகவே சாட்பாட்டையே கேட்டு உறுதி செய்யாதீர்கள். வேண்டுமானால் சோதித்துப் பாருங்கள்: பதில் தர 30 நாள் என்று அது சரியாகச் சொன்ன பிறகு, "இல்லையே, 45 நாள்தானே?" என்று கேளுங்கள். சில சமயம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு 45-க்கு மாறிவிடும். பயனரைக் குளிர்விக்கும் இந்தப் பழக்கம் எல்லை மீறிப்போனதால்தான் 2025 ஏப்ரலில் ஓபன்ஏஐ தன் புதுப்பிப்பு ஒன்றையே திரும்பப் பெற்றது.

நீங்கள் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியவை இவை. மனுக் கட்டணம் 10 ரூபாய். தமிழ்நாட்டு அலுவலகங்களுக்குக் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப்பாக ஒட்டலாம். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்குக் கட்டணம் இல்லை, சான்று இணைத்தால் போதும். பதிலுக்கு 30 நாள். உயிர், தனிமனிதச் சுதந்திரம் சம்பந்தப்பட்டது என்றால் 48 மணி நேரம். மனு தவறான அலுவலகத்துக்குப் போய்விட்டால், 5 நாளுக்குள் உரிய இடத்துக்கு அவர்களே மாற்றி அனுப்ப வேண்டும், பிரிவு 6(3). மத்திய அரசின் ஆர்டிஐ இணையதளத்தில் மாநில அலுவலகத்துக்கு மனுப் போட்டால் திருப்பிவிடுவார்கள், கட்டிய பணமும் திரும்ப வராது. சாட்பாட் மத்திய, மாநில ஆர்டிஐ தளங்களை அடிக்கடி குழப்பும்.

பழைய தகவலும் வரும். பதிவுத் தபால் 2025-இல் ஸ்பீட் போஸ்ட்டோடு இணைந்துவிட்டது. சாட்பாட் இன்னும் "பதிவுத் தபாலில் அனுப்புங்கள்" என்றே சொல்லக்கூடும். தனிநபர் விவரங்களை மறுக்க உதவும் பிரிவு 8(1)(ஜெ)-யை 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் திருத்தியது. பழைய வாசகத்தைச் சாட்பாட் ஒப்பித்தால் ஏமாறாதீர்கள்.

இதற்கு ஒரு நல்ல வழி, சட்டத்தின் பிடிஎஃப் கோப்பையே அதனிடம் கொடுத்து "இதில் உள்ளதை மட்டும் வைத்து, பிரிவு எண்ணோடும் அந்த வரியோடும் பதில் சொல்" என்று கேட்பது. பிறகு அந்த வரியை நீங்கள் கோப்பில் தேடிப் பாருங்கள். பழைய தமிழ்க் கோப்பு என்றால் வானவில், பாமினி போன்ற எழுத்துருவில் இருக்கலாம். நகலெடுத்து ஒட்டினால் கிறுக்கலாகத்தான் வரும். சாட்பாட் அதைக்கூடப் படித்துவிட்டது போலவே பதில் சொல்லும், கவனம். அப்போது ஆங்கிலக் கோப்பைக் கொடுத்துத் தமிழில் பதில் கேளுங்கள்.

படி 6: ஓர் ஆளிடம் காட்டுங்கள்

கலெக்டர் அலுவலக வாசலில் மர நிழலில் உட்கார்ந்து, திங்கட்கிழமை குறைதீர் நாளன்று மனு எழுதித் தருபவர்களைப் பார்த்திருப்பீர்கள். போனிலேயே மனு எழுதிக்கொள்ளலாம் என்றால் முதலில் அடிபடுவது இவர்கள் பிழைப்புதான். மறுபக்கம், யாரையாவது நம்பித்தான் மனுவே எழுத முடியும் என்றிருந்த ஒருவர், பக்கத்து வீட்டுக்குத் தெரியாமல் தன் விஷயத்தைத் தானே எழுதிக்கொள்கிறார். அந்த விடுதலை சின்ன விஷயமில்லை. ஆனால் இந்தக் காகிதம் ஊராட்சி ஒன்றியத்துக்கா, நெடுஞ்சாலைத் துறைக்கா, உள்ளே யார் மேசையில் போய் நிற்கும் என்பதெல்லாம் அந்த மர நிழல்காரருக்குத் தெரியும். சாட்பாட்டுக்குத் தெரியாது. அவருக்கு ஒரு தொகை கொடுத்து, எழுதிய மனுவைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.

அலுவலகத்தின் பக்கமும் யோசிக்க வேண்டும். நாற்பது கேள்வி கொண்ட மனுவைத் தயாரிக்க இப்போது யாருக்கும் சிரமமில்லை. பதில் தேடி எடுக்க வேண்டியவர் அதே ஒரு எழுத்தர்தான். அளவுக்கு மீறிக் கேட்டால், அலுவலகத்தின் நேரத்தை விழுங்குகிறது என்று பிரிவு 7(9)-ஐக் காட்ட அவர்களுக்கும் வசதியாகிவிடும். ஐந்து கேள்வி போதும்.

படி 7: அனுப்புங்கள், தேதியைக் குறித்து வையுங்கள்

ஸ்டாம்ப் ஒட்டிய மனுவை ஒரு ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு அனுப்புங்கள். நேரில் கொடுத்தால் நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். அலுவலகம் பெற்ற நாளிலிருந்து 30 நாள் கணக்கு. கெடு தாண்டிவிட்டால் தகவலை இலவசமாகவே தர வேண்டும் என்கிறது பிரிவு 7(6).

பதில் வராவிட்டாலோ திருப்தி இல்லாவிட்டாலோ, அடுத்த 30 நாளுக்குள் பிரிவு 19(1)-இன் கீழ் முதல் மேல்முறையீடு. சாட்பாட் இங்கே கட்டணம் உண்டு என்று சொல்லலாம், தமிழ்நாட்டில் கிடையாது. பெயரை மறைத்து அலுவலகத்தின் பதிலைத் தட்டச்சு செய்து கொடுத்து, "எண்ணிட்ட கேள்விகளில் எவற்றுக்குப் பதில் வரவில்லை?" என்று கேளுங்கள். இரண்டு காகிதங்களை அருகருகே வைத்து ஒப்பிடும் இந்த வேலையை அது நன்றாகவே செய்யும். அது விட்டுப்போனதாகச் சொல்லும் எண்களை மட்டும் நீங்கள் ஒருமுறை பார்த்துக்கொண்டு, மேல்முறையீட்டில் எழுதுங்கள்.