ஸ்காட்லாந்துப் பண்ணைப் பெயர்கள்: பூர்வீகம் தேடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய பதிவேட்டில் பண்ணைப் பெயர் கிடைத்ததும் நேரே வரைபடத்துக்கு ஓடாதீர்கள். பெயருக்கு முன்னால் நிற்கும் குட்டிச் சொல்லை முதலில் பாருங்கள். ஆளின் பெயரை அடுத்து 'ஆஃப்' வந்தால் பெரும்பாலும் அவர் நிலத்தின் சொந்தக்காரர். 'இன்' வந்தால் குத்தகைக்காரர். இதைக் கவனிக்காமல், குத்தகைக்கு உழுத கொள்ளுத்தாத்தாவை ஜமீன்தாராக்கி வைத்திருப்பவர்கள் நிறைய.

அதற்காக எல்லா 'ஆஃப்'பையும் நம்பிவிடவும் கூடாது. அபர்தீன் பக்கத்து 'மெயின்ஸ் ஆஃப் ட்ரம்' என்பதில் 'ஆஃப்' பண்ணைப் பெயரிலேயே இருக்கிறது. 'மெயின்ஸ்' என்றால் முக்கியமானது என்று பொருளல்ல. நிலப்பிரபு தன் வீட்டுத் தேவைக்கென்று வைத்துக்கொண்ட சொந்தப் பண்ணை அது. பின்னாளில் அதையும் குத்தகைக்கு விட்டார்கள்.

இன்னொரு குழப்பம், ஆள் எது, பண்ணை எது என்பது. குத்தகைக்காரரை ஊரார் பண்ணைப் பெயரைச் சொல்லியே கூப்பிட்டார்கள். கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் தன்னையே 'ராப் மோஸ்கீல்' என்று ஒரு பாட்டில் சொல்லிக்கொள்கிறார். மோஸ்கீல் அவர் உழுத பண்ணை. அதைக் குடும்பப் பெயர் என்று எடுத்துக்கொண்டு தேடினால் ஆள் அகப்படமாட்டார். அவர் குடும்பம் 1777இல் டார்போல்டன் பாரிஷில் (தேவாலய வட்டாரத்தில்) உள்ள லாக்லீ பண்ணைக்கு வந்தது, 1784இல் மாக்லின் பாரிஷில் உள்ள மோஸ்கீலுக்குப் போனது. பண்ணையோடு பாரிஷும் மாறினால் பதிவேடும் மாறிவிடுகிறது.

பண்ணைக் கூலியாட்கள் இன்னும் அடிக்கடி மாறினார்கள். ஆறு மாதமோ ஒரு வருடமோதான் ஒப்பந்தம். மே மாத விட்சன், நவம்பர் மாத மார்ட்டின்மஸ் தவணைகளில் மூட்டை கட்டிவிடுவார்கள். நாலு பிள்ளைகள் நாலு பண்ணையில் பிறந்திருந்தால் நாலு குடும்பம் என்று முடிவு கட்டவேண்டாம்.

ஆங்கிலம் தெரியும் என்ற தைரியமும் காலை வாரும். 'ஈஸ்டர்' பண்டிகையல்ல, கிழக்குப் பக்கத்துப் பண்ணை. 'வெஸ்டர்' மேற்கு. 'ஓவர்', 'நெதர்' நம் மேல, கீழ மாதிரிதான். ஒரே பண்ணை பிரிந்து இப்படி இரண்டானதும் உண்டு, அப்போது பழைய பதிவில் வெறும் பெயர் மட்டுமே இருக்கும். 'பிட்' என்று தொடங்கினால் குழி இல்லை, ஸ்காட்லாந்தில் பழங்காலத்தில் வாழ்ந்த பிக்ட் மக்களின் மொழியில் நிலத்தின் ஒரு பங்கு. 'டன்' என்று முடிந்தால் நகரம் இல்லை, நாலைந்து வீடு சேர்ந்த பண்ணைக் குடியிருப்பு. ஆலைப் பக்கம் இருந்தால் மில்டன், கோயில் பக்கம் இருந்தால் கிர்க்டன். எத்தனையோ பாரிஷ்களில் ஒரு மில்டன் உண்டு, அதனால் பாரிஷ் தெரியாமல் மில்டனைத் தேடிப் பயனில்லை.

எழுத்துக்கூட்டலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தேடுவதும் வேண்டாம். எழுத்தர் காதில் விழுந்ததை எழுதினார். 'யோக்' என்ற பழைய எழுத்துக்கு அச்சு இல்லாமல் 'z' எழுத்தைப் போட்டார்கள், அதனால்தான் குல்சீன் (Culzean) என்று படிக்கத் தோன்றும் கோட்டையை உள்ளூரில் 'கல்லேன்' என்கிறார்கள். பெயரை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

அப்புறம் வரைபடம். இன்றைய வரைபடத்தில் இல்லை என்றால் பண்ணையே இருந்ததில்லை என்று விட்டுவிடாதீர்கள், பக்கத்துப் பண்ணையோடு சேர்ந்திருக்கலாம். ஸ்காட்லாந்து தேசிய நூலகத் தளத்தில் வில்லியம் ராயின் 1747–55 ராணுவ வரைபடமும், அரசு நில அளவை அமைப்பான ஆர்டனன்ஸ் சர்வே 19ஆம் நூற்றாண்டில் மைலுக்கு ஆறு அங்குலம் என்ற அளவில் வரைந்த வரைபடங்களும் இலவசம். அந்தச் சர்வேக்காரர்கள் எழுதிய பெயர்ப் புத்தகங்களில் ஒவ்வொரு பண்ணைக்கும் என்னென்ன எழுத்துக்கூட்டல் இருந்தது, அதை யார் சரி என்று சொன்னார் என்பதுவரை குறித்திருக்கிறார்கள்.