ரிட்டயர் ஆன பிறகு மறுபடியும் கோல்ஃப்: ஸ்டிக் வாங்குவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலூர்ப் பக்கம் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பாத தெருவே கிடையாது, கம்மவான்பேட்டை அதற்கே பேர்போன ஊர். அப்படிப் போனவர்களில் சிலர் நீலகிரி வெலிங்டனிலோ வடக்கே ஏதாவது ஒரு கன்டோன்மென்ட்டிலோ கோல்ஃப் பழகியிருப்பார்கள். அப்புறம் பிள்ளைகள் படிப்பு, வீடு கட்டுவது என்று வருஷக்கணக்கில் தொட்டிருக்க மாட்டார்கள். இப்போது கையில் நேரம் இருக்கிறது. சென்னை நந்தனம் கோல்ஃப் மைதானத்துக்கு 130 கிலோமீட்டருக்கு மேல் காரை ஓட்டிக்கொண்டு போய் ஆடுகிறார்கள், நல்ல விஷயம்தான். ஆனால் வருகிறவர்கள் எல்லோரும் ஒரே தவறுகளைத்தான் வரிசையாகச் செய்கிறார்கள். தலையை ஆட்டாதே, பந்தையே பார் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

மகன் வாங்கி வரும் ஸ்டிஃப் ஷாஃப்ட் செட்

இதை நினைத்தால் எனக்கு இன்னும் எரிச்சல் வருகிறது.

காட்பாடியில் எனக்குத் தெரிந்த ஒருவர், அறுபதைத் தாண்டியவர், சர்வீஸில் இருந்தபோது நன்றாக ஆடியவர். மகன் அமெரிக்காவிலிருந்து லீவுக்கு வரும்போது அப்பாவுக்கு என்று ஆசையாக ஒரு முழு செட் தூக்கி வந்தான். கடையில் எது உசத்தி என்று கேட்டு வாங்கியது. இவர் மொட்டை மாடியில் வலை கட்டி அடித்துப் பழகிவிட்டு மைதானத்துக்குப் போனார். பந்து இடுப்புயரத்துக்கு மேல் எழவில்லை, எழுந்ததும் வலப்பக்கமாக ஒதுங்கிப் போனது. விட்டதைப் பிடிக்க இன்னும் பலமாக அடித்தார், முழங்கையில் வலி வந்தது. “வயசாயிடுச்சு சார், அவ்வளவுதான்” என்று பேக்கைப் பரணில் ஏற்றிவிட்டார்.

அந்த செட்டில் டிரைவரை, அதாவது தூரமாக அடிக்கும் நீள ஸ்டிக்கை, இறக்கிப் பார்த்தேன். கைப்பிடிக்கு, அதாவது கிரிப்புக்குக் கீழே ஷாஃப்டில், ஸ்டிக்கின் தண்டில், சின்னதாக ‘எஸ்’ என்று போட்டிருந்தது, ஸ்டிஃப், விறைப்பு என்று அர்த்தம். தலையில் 9 டிகிரி, அதுதான் லாஃப்ட், பந்தை எழுப்பும் முகத்தின் சாய்வு. இது வேகமாகச் சுழற்றும் இளவட்டங்களுக்கான ஸ்டிக். அடுத்தவர் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்து தெரியவில்லை என்று அழுவது மாதிரிதான் இது. அவருடைய வயதுக்கும் அந்தப் பந்து எழாததற்கும் சம்பந்தமே இல்லை.

ஷாஃப்ட் என்பது வெறும் கம்பி இல்லை. கீழே இறங்கும்போது வளைந்து, பந்தைத் தொடும் நேரத்தில் நிமிர்ந்து தலையை முன்னே தள்ள வேண்டும். மெதுவான ஸ்விங்குக்கு ஸ்டிஃப் ஷாஃப்ட் போதிய அளவு வளையாது. ஸ்டிக்கின் முகம் நேராகத் திரும்புவதற்குள் பந்து கிளம்பிவிடும், அதனால்தான் தாழ்வாகவும் வலப்பக்கமாகவும் போகிறது. மிருதுவிலிருந்து விறைப்பு வரை எல், ஏ, ஆர், எஸ், எக்ஸ் என்று வரிசை. ஏ என்பதுதான் சீனியர், சில கம்பெனிகள் எம் என்றும் போடுவார்கள். டிரைவரில் அடித்த பந்து 180 யார்டு பறப்பதே சிரமம் என்றால் யோசிக்காமல் ஏ எடுங்கள். 200 யார்டைச் சுலபமாகத் தாண்டுகிறதா, ஆர் போதும். லாஃப்ட் 10.5 டிகிரிக்குக் குறைய வேண்டாம், 12 என்றாலும் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. அயர்ன் என்கிற இரும்புத் தலை ஸ்டிக்குகளின் செட்டில் ஸ்டீல் ஷாஃப்ட் பெரும்பாலும் 100 கிராமை ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கும், சீனியர்களுக்கான கிராஃபைட் 50, 60 கிராமிலேயே கிடைக்கிறது. மணிக்கட்டுக்கும் முழங்கைக்கும் அந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

பிள்ளை ஆசையாக வாங்கி வந்ததை வேண்டாம் என்று சொல்ல எந்த அப்பனுக்கும் மனசு வராது. ஆகவே அவன் கடைக்குப் போவதற்கு முன்பே வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பிவிடுங்கள்: கிராஃபைட், சீனியர் ஃப்ளெக்ஸ் (ஏ), 10.5க்குக் குறையாத டிரைவர். வாங்கியாகிவிட்டது என்றாலும் மொத்தத்தையும் தூக்கிப் போட வேண்டாம். இப்போதைய டிரைவர்கள் பலவற்றில் கழுத்தில் ஒரு ஸ்க்ரூ இருக்கும், அதைக் கழற்றி ஷாஃப்டை மட்டும் மாற்றலாம், லாஃப்டையும் கொஞ்சம் கூட்டலாம். காட்பாடிக்காரருக்கு அப்படித்தான் செய்தோம். முழங்கை ஆறும்வரை காத்திருந்து மறுபடி ஆடப் போனார். பந்து எழும்புகிறது.

7 நம்பர் என்று எழுதியிருந்தால் நம்பிவிடுவது

நீங்கள் பழகிய காலத்து 7 அயர்ன் 35, 36 டிகிரி இருந்திருக்கும். இப்போது வரும் பல செட்டுகளில் அது 28லிருந்து 30க்குள். நம்பர் குறையக் குறைய சாய்வு குறையும், பந்து தூரம் போகும். பழைய 5 நம்பர் மேல் 7 என்று போட்டு விற்கிறார்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் பந்து தூரமாகப் போவதைப் பார்த்துச் சந்தோஷப்படுவீர்கள். சிக்கல் இரண்டு பக்கமும் வரும். மேலே 4, 5 நம்பர்களைத் தூக்கவே முடியாது, அந்த இடத்தில் அயர்னுக்கும் உட்டுக்கும் நடுவிலான ஹைப்ரிட் ஸ்டிக் வைத்துக்கொள்ளுங்கள், பெரிய தலை கொண்ட 7 உட் இன்னும் சுலபம். கீழே, கிட்டத்து அடிக்கான பிட்சிங் வெட்ஜ் 43, 44 டிகிரிக்கு வந்துவிட்டதால் அதற்கும் மணல் குழிக்கான சாண்ட் வெட்ஜுக்கும் நடுவே பெரிய பள்ளம். 49, 50 டிகிரியில் ஒரு வெட்ஜ் வாங்காமல் தீராது. கடைக்காரர் இதைத் தானாகச் சொல்வார் என்று எதிர்பார்க்காதீர்கள்.

14 ஸ்டிக்கும் வேண்டும் என்று நினைப்பது

14 என்பது விதிப்படி பேக்கில் இருக்கக்கூடிய உச்சவரம்பு. எட்டு, ஒன்பது போதும்.

கார் டிக்கியில் பேக்கை விட்டு வைப்பது

நம் ஊர் கத்திரி வெயிலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மூடிய டிக்கிக்குள் அது இன்னும் ஏறும். ரப்பர் கிரிப் இறுகி வழவழப்பாகிவிடும், தலையை ஷாஃப்டோடு ஒட்டியிருக்கும் பசையும் இளகலாம். வழுக்கும் கிரிப்பை இறுக்கிப் பிடிக்கப் பிடிக்க ஸ்விங் கட்டையாகும், அப்புறம் அதையும் வயதின் மேல் போடுவோம். கிரிப் மாற்றும்போது தடிமனையும் பாருங்கள். ஸ்டிக்கை இடக்கையால் மட்டும் பிடியுங்கள். நடுவிரல், மோதிர விரல் நுனிகள் கட்டைவிரலடிச் சதையை லேசாகத் தொட்டால் சரி. குத்தினால் கிரிப் சின்னது, எட்டவே இல்லை என்றால் பெரிது. விரல் மூட்டில் வலி உள்ளவர்கள் ஒரு சைஸ் தடிமனாகவே போட்டுக்கொள்ளலாம்.

விலை உயர்ந்த பந்து

உள்ளே ஒரு கரு, மேலே ஒரு உறை என்று இரண்டே அடுக்குள்ள மிருதுவான டூ-பீஸ் பந்து போதும். புதருக்குள் போனால் மனசும் வலிக்காது.

பழைய விதிகளோடு போய் நிற்பது

2019ல் நிறைய மாறிவிட்டது. தொலைந்த பந்தைத் தேட 5 நிமிடம் இல்லை, 3 நிமிடம்தான். டிராப் செய்வது, அதாவது பந்தைக் கையிலிருந்து கீழே விடுவது, தோள் உயரத்திலிருந்து அல்ல, முழங்கால் உயரத்திலிருந்து. குழி இருக்கும் கிரீனில் கொடியை எடுக்காமலே புட் செய்யலாம், பந்தைக் குழிக்கு உருட்டலாம். பேக் தூக்கி வரும் கேடியிடம் வாக்குவாதம் செய்வதற்கு முன் ஒரு தடவை படித்துவிட்டுப் போங்கள்.

பழைய இரும்பு ஸ்பைக் ஷூ

பல மைதானங்களில் உள்ளே விட மாட்டார்கள். சாஃப்ட் ஸ்பைக் வாங்குங்கள், சாயங்காலமாகப் போய் அளவு பாருங்கள், நடந்து நடந்து கால் வீங்கியிருக்கும் நேரம் அதுதான்.