குழந்தையைப் பராமரிப்பவருக்குத் துணை நிற்பது எப்படி?

வாழ்வின் முதல் மூன்று ஆண்டுகளில் மூளை மிக விரைவாக வளர்வதால், குழந்தையை நாள்தோறும் கவனித்துக்கொள்பவர் தாயோ தந்தையோ பாட்டியோ, யாராயினும், அவருக்குக் கிடைக்கும் ஆதரவு குழந்தைக்கே சென்று சேர்கிறது. உலகச் சுகாதார நிறுவனம், யுனிசெஃப் முதலிய அமைப்புகள் 2018-இல் வெளியிட்ட வழிகாட்டிச் சட்டகமும் உடல்நலம், ஊட்டச்சத்து, பாதுகாப்பு, தொடக்கக் கற்றல் ஆகியவற்றோடு குழந்தையின் குறிப்பறிந்து நடப்பதையும் சமமாக வலியுறுத்துகிறது.

பராமரிப்பவரைச் சந்திக்கும்போது அறிவுரையில் தொடங்காதீர்கள். அவர் குழந்தையோடு பேசுவதையும் விளையாடுவதையும் சற்று நேரம் கவனித்து, கண்டதை அப்படியே சொல்லிப் பாராட்டுங்கள். “குழந்தை ஒலி எழுப்பியதும் நீங்களும் அதே ஒலியை எழுப்பினீர்கள், உடனே அது சிரித்தது” என்று சொன்னால், தம் செயலுக்கும் குழந்தையின் மறுமொழிக்கும் உள்ள தொடர்பை அவரே உணர்வார். பொதுவான புகழ்ச்சியால் இது நிகழாது என்பது என் உறுதியான கருத்து. பிறகு ஒரே ஒரு புதிய விளையாட்டைச் சொல்லுங்கள். ஒரு வயதுக் குழந்தைக்குக் கிண்ணத்தில் பொருள்களைப் போட்டு எடுப்பதே போதும். குழந்தையை நீங்கள் வாங்கிக்கொள்ளாமல், அவரையே செய்துபார்க்க விடுங்கள். வீட்டில் இதற்கு என்ன தடை வரும் என்றும் கேளுங்கள். நேரமின்மைதான் தடையென்றால், குளிப்பாட்டும்போதும் உணவூட்டும்போதும் பேசுவதே பயிற்சியாகிவிடும்.

அவருடைய உறக்கத்தையும் மனநிலையையும் தவறாமல் விசாரியுங்கள். சோர்வும் துயரமும் இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் மருத்துவரிடம் செல்லத் துணைபுரியுங்கள். தமக்கோ குழந்தைக்கோ தீங்கு செய்யும் எண்ணம் வருவதாக அவர் சொன்னால், தனியே விடாமல் உடனடியாக உதவி பெறுங்கள். குழந்தை முன்பு கற்ற பேச்சையோ அசைவையோ இழந்தாலும் காத்திராமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.