சாமையை நெல்லைப் போல நடத்தாதீர்கள்

2023-ஐ ஐ.நா. சர்வதேச சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடிய பிறகு சாமைக்கு நல்ல கிராக்கி வந்திருக்கிறது. ஜவ்வாது மலையிலும் கொல்லிமலையிலும் வீட்டுச் சோற்றுக்காக விதைத்த தானியம் இன்று நகரத்துக் கடைகளில் அழகான பாக்கெட்டில் நிற்கிறது. மகளிர் குழுக்கள், உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள், வேலையை விட்டு ஊர் திரும்பிய இளைஞர்கள் என்று பலரும் இந்த வியாபாரத்தில் இறங்குகிறார்கள். எனக்கு இது சந்தோஷம்தான். ஆனால் வருகிறவர்களில் நிறையப் பேர் முதல் இரண்டு வருடத்திலேயே கையைச் சுட்டுக்கொள்கிறார்கள். நெல் வியாபாரத்தில் கற்றதை அப்படியே சாமைக்கும் செய்வதுதான் பெரும்பாலும் காரணம்.

நான் செய்த தவறையே முதலில் சொல்கிறேன். ஆரம்பித்த வருடம் அறுவடை முடிந்த கையோடு, வாங்கிய சாமை முழுவதையும் ஒரே நடையில் அரைத்து அரிசியாக்கி மூட்டை கட்டினேன். அடிக்கடி ஆலைக்கு அலைய வேண்டாம், வண்டி வாடகை மிச்சம் என்று கணக்கு. மூன்றாம் மாதம் வாடிக்கையாளர்கள் பாக்கெட்டைத் திருப்பிக் கொடுக்க ஆரம்பித்தார்கள். பூச்சி இல்லை, புழு இல்லை. ஆனால் திறந்தாலே சிக்கு வாடை.

ஏன் அப்படி ஆனது என்பது பிறகுதான் புரிந்தது. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட உணவுச் சத்து அட்டவணையில், 100 கிராம் சாமையில் கொழுப்பு கிட்டத்தட்ட 3.9 கிராம். தீட்டிய பச்சரிசியில் அது அரை கிராம் அளவுதான். சாமையின் கொழுப்பில் பெரும்பகுதி தவிட்டிலும் முளையிலும் இருக்கிறது. உமி இருக்கும்வரை அதற்கு ஒன்றும் ஆகாது. குதிரிலும் பானையிலும் வருடக்கணக்கில் சாமையைப் போட்டு வைத்த பழக்கம் அதனால்தான். உமி நீங்கிக் காற்றுப் பட்டதும் அந்த எண்ணெய் கெடத் தொடங்கிவிடும். ஆகவே சாமையை உமியோடு இருப்பு வையுங்கள். இரண்டு மூன்று வாரத்துக்கு எவ்வளவு விற்குமோ அதை மட்டும் அரையுங்கள். பாக்கெட்டில் அரைத்த தேதியைத் தெளிவாகப் போடுங்கள்.

சிக்கு வாடைக்குப் பயந்து பலர் வேறு வழிக்குப் போகிறார்கள்: நன்றாகத் தீட்டி, தவிட்டை எடுத்துவிடுவது. அரிசி வெள்ளை வெளேரென்று வரும், நாளும் தாங்கும், பார்க்கிறவர்களுக்கும் பிடிக்கும். ஆனால் எந்த நார்ச்சத்துக்காகவும் தாதுக்களுக்காகவும் ஒருவர் அரிசியை விட்டுச் சாமைக்கு வந்தாரோ, அதில் பெரும்பங்கு தவிட்டோடு போய்விடும். தீட்டாத சாமை சற்றே மங்கலாக, பழுப்போடியது போல இருக்கும். அதை வாடிக்கையாளருக்குச் சொல்லிப் புரியவைக்க வேண்டும். எனக்கு அதற்கு ஒரு வருடம் பிடித்தது.

அப்புறம் அரவை. சாமை மணி மிகச் சிறியது. கொல்லிமலையை மட்டும் எடுத்துக்கொண்டாலே வெள்ளைப் பெருஞ்சாமை, கரும்பெருஞ்சாமை, மல்லியச்சாமை, கட்டவெட்டிச்சாமை என்று பல வகை. மணியின் அளவு பார்க்காமல் பல நிலங்களில் விளைந்த சாமையையும் ஒரே குவியலாகக் கொட்டி இயந்திரத்தில் விட்டால், பெரிய மணி நொறுங்கும், சிறிய மணி உமியோடு தப்பிவிடும். சோற்றில் உமி கடிபட்டால் அந்த வீட்டில் சாமை மறுபடி நுழையாது. முதலில் அளவு வாரியாகப் பிரித்து, பிறகு அரையுங்கள். நெல் அரைக்கும் ஆலையில் கொடுத்து ஒப்பேற்றிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். சிறுதானியத்துக்கென்றே செய்த இயந்திரம் வேண்டும். ஈரம் இருந்தால் அதிலும் பாதி மாவாகிவிடும்.

கல்லும் அப்படித்தான். பாறையிலும் சாலையிலும் போட்டு அடித்த தானியத்தில், மணி அளவே உள்ள பொடிக்கல் கலந்திருக்கும். சல்லடை அதைப் பிடிக்காது, எடையை வைத்துப் பிரிக்கும் கல் நீக்கும் இயந்திரம்தான் பிடிக்கும். நம் பாட்டிமார் முறத்தில் புடைத்து, தண்ணீரில் அரித்துச் சமைத்தார்கள். இன்று வாங்குகிற பலருக்கு அரிக்கத் தெரியாது. அவர்கள் அரித்துக்கொள்வார்கள் என்று விட்டுவிடக் கூடாது.

விலைக் கணக்கு. கிலோ 40 ரூபாய்க்கு 100 கிலோ சாமை வாங்கினீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கையில் கிடைக்கும் அரிசி 60, 65 கிலோதான். 60 கிலோ என்றால் ஒரு கிலோ அரிசிக்கு அடக்கமே கிட்டத்தட்ட 67 ரூபாய். அரவைக் கூலி, சுத்தம் செய்யும் கூலி, பாக்கெட், போக்குவரத்து எல்லாம் அதற்கு மேல். இதைப் போடாமல் விலை வைத்துவிட்டு, நஷ்டம் வந்ததும் விவசாயிக்குக் கொடுக்கும் விலையைக் குறைப்பதைப் பார்த்திருக்கிறேன். அடுத்த வருடம் அந்தக் காட்டில் மரவள்ளிதான் இருக்கும். கொல்லிமலையில் சாமை நிலத்தை மரவள்ளி பிடித்த கதை நாம் ஏற்கெனவே பார்த்ததுதான்.

பாக்கெட்டில் எழுதுவதில் இன்னும் கவனம் வேண்டும். பழைய அட்டவணை ஒன்றிலிருந்து 100 கிராம் சாமையில் இரும்புச்சத்து 9.3 மில்லிகிராம் என்று பலரும் அச்சடிக்கிறார்கள். 2017 அட்டவணையில் அது 1.26 மில்லிகிராம்தான். கேழ்வரகின் கால்சியத்தைச் சாமைக்கும் சேர்த்து எழுதுகிறவர்களும் உண்டு. கேழ்வரகில் 364 மில்லிகிராம், சாமையில் வெறும் 16. சர்க்கரை நோயைக் குணமாக்கும் என்று போடவே போடாதீர்கள். சட்டப்படி அது தவறு. அதை நம்பி ஒருவர் மாத்திரையை நிறுத்தினால் யார் பொறுப்பு? வாங்குகிறவர்களுக்கும் ஒன்று: சிறுதானிய நூடுல்ஸ், பிஸ்கட் வாங்கும்போது பின்பக்கம் பாருங்கள். சேர்மானங்களை அளவு அதிகமானதிலிருந்துதான் வரிசைப்படுத்தியிருப்பார்கள். முதலில் மைதாவோ கோதுமை மாவோ இருந்தால் சாமை பெயருக்குத்தான்.

சாமையோடு வரகும் விற்கிறவர்கள் ஈரத்தில் அசட்டையாக இருக்கவே கூடாது. 2024 அக்டோபர் கடைசியில் மத்தியப் பிரதேசத்தின் பாந்தவ்கர் காப்பகத்தில் 10 யானைகள் இறந்தன. பூஞ்சை பிடித்த வரகில் உண்டாகும் சைக்ளோபியாசோனிக் அமிலம் என்ற நஞ்சு அவற்றின் உடலில் இருந்தது. மழையில் நனைந்து பூஞ்சை பிடித்த வரகை, விலை மலிவாகக் கிடைத்தாலும் தொடாதீர்கள். காய வைத்தாலும் நஞ்சு போகாது.

கடைசியாக, விளைவிக்கிற குடும்பங்களுக்கு. விலை நன்றாக இருக்கிறது என்று மொத்தத்தையும் விற்றுவிட்டு, ரேஷன் அரிசியை மட்டும் நம்பி இருக்கும் வீடுகளைப் பார்க்கிறேன். அடுத்த வருட விதைக்கும் அலைகிறார்கள். திருவண்ணாமலைக்குப் பக்கத்தில் அத்தியந்தலில் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் சிறுதானிய மையம் இருக்கிறது. ஏடிஎல் 1 போன்ற ரகங்களைப் பற்றி அங்கே கேட்கலாம். ஆனால் உங்கள் காட்டின் பழைய வகை உங்களிடம் மட்டுமே இருக்கக்கூடும். அறுவடைக்கு முன்பே நல்ல கதிர்களைப் பார்த்து விதைக்கென்று தனியாக அறுத்து வையுங்கள். வீட்டுச் சாப்பாட்டுக்கு வேண்டியதையும் உமியோடு எடுத்து வைத்த பிறகு வியாபாரிக்கு எடை போடுங்கள்.