வாடைக்காற்றும் வெடித்த கைகளும்
மார்கழி, தை மாதங்களில் யாழ்ப்பாணத்தில் கை வெடிப்பதற்கு வாடைக்காற்று மட்டும் காரணமில்லை. சுண்ணக்கல் நிலத்துக் கிணற்று நீர் கடினமானது. சவர்க்காரம் நுரைக்காமல் தோலில் படியும், நாமோ இன்னும் கொஞ்சம் போட்டுத் தேய்ப்போம். குறைவாகப் போட்டு நன்றாக அலசுங்கள். துடைத்த கையில் ஈரம் முழுதும் காயுமுன் தேங்காய் எண்ணெயோ வாசலினோ பூசுங்கள். காய்ந்தபின் பூசினால் அடைத்துவைக்க ஈரமே இருக்காது. இரவில் நான் வாசலினைத் தடிப்பாகப் பூசி, பழைய பருத்திக் காலுறையைக் கையில் மாட்டிக்கொண்டு படுப்பேன். வீட்டில் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும்.

விரல்கள் எப்போதும் சில்லிட்டிருந்தால் கையை மட்டுமல்ல, உடம்பையும் போர்த்துங்கள். உடல் குளிர்ந்தால் விரல்களுக்கான இரத்த ஓட்டம் சுருங்கிவிடும். விரல்கள் வெளுத்து நீலமானால் வைத்தியரிடம் காட்டுங்கள். இரத்தசோகை, தைரொய்ட் குறைபாடு ஆகியவையும் கையைக் குளிரவைக்கும்.